மாஸ்டரை விட்டுப்போன ஒருவர்

செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்குவதற்கு முன்பே, டிரைவிங் மாஸ்டருக்கு ஓர் ஆள் குறைந்துபோனார்.

முந்தின நாள் அவருடைய பக்கத்தை ஆயிரத்து இருநூற்று நான்கு பேர் ஃபாலோ செய்துகொண்டிருந்தார்கள். விடிந்து பார்த்தால் ஆயிரத்து இருநூற்று மூன்று. போனை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அந்த ஆள் திரும்பி வரவில்லை.

மாஸ்டர் இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். சின்ன வெள்ளைக் கார், கூரைமேல் பலகை, பக்கத்து இருக்கையில் அவர் காலடியில் ஒரு தனி பிரேக். இரண்டு வருடத்துக்கு முன்பு, வகுப்புகளுக்கு நடுவே கிடைத்த நேரத்தில், காரில் உட்கார்ந்தபடியே வீடியோ போட ஆரம்பித்தார். முதல் வீடியோ கண்ணாடியை எப்படிப் பார்ப்பது என்பது பற்றி. பதினொரு பேர் பார்த்தார்கள். இரண்டாவது, மேட்டில் வண்டியை எடுப்பது. ஒன்பது பேர். மூன்றாவதில் பாடத்தை விட்டுவிட்டு, இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைப் போட்டுக்கொண்டு வலது பக்கம் திரும்பிய ஒரு மாணவரைப் பற்றிச் சொன்னார். நானூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து பாடம் இளைத்துக்கொண்டே வந்தது, கதை கொழுத்துக்கொண்டே போனது.

"ஒருத்தர் போயிட்டாங்க," என்றார் மனைவியிடம்.

அவள் பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். "எங்க போயிட்டாங்க?"

"என் பக்கத்துல இருந்து."

"போனை மாத்தியிருப்பாங்க."

"போனை மாத்தினா ஆள் போகமாட்டாங்க."

"அப்ப செத்துப்போயிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மாஸ்டருக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் தன்னை விட்டுப் போவதற்கு அது ஒன்றுதான் மரியாதையான காரணம். ஆனால் காலை வகுப்பு முழுக்க மனம் வண்டியில் இல்லை. மாணவர் இரண்டு முறை எதிர்ப்பக்கம் ஏறியதை மாணவரே சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது.

முதல் சந்தேகம் தெருமுனை முடிதிருத்தும் கடைக்காரர் மேல். போன வாரம் பார்த்தபோது அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாஸ்டருக்கு முடி வெட்டி எட்டு நாள்தான் ஆகியிருந்தது. இருந்தாலும் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னத்த வெட்டுறது மாஸ்டர்?" என்றார் கடைக்காரர்.

"இருக்கறத வெட்டுங்க. நம்ம வீடியோ எல்லாம் இப்ப பார்க்குறீங்களா?"

"பார்க்காம. இங்க போனை அந்தச் சுவத்துல சாய்ச்சு வெச்சு ஓடவிடுவேன். அந்த முதல் மாணவி வீடியோ மட்டும் போடுறதில்ல. ஆளுங்க சிரிச்சுக் குலுங்குறாங்க, கத்தி பட்டுடும்."

மாஸ்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்த வீடியோவை முப்பத்தெட்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அவர் தொழில் தொடங்கிய புதிதில், முதன்முதலாகக் கற்றுக்கொள்ள வந்த பெண் சிக்னலில் நான்கு தடவை வண்டியை அணைத்துவிட்டு, பின்னால் எல்லாரும் ஹாரன் அடிக்க, கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போன கதை. அந்தப் பெண் கையை உதறுவதையும், "நீயே வெச்சுக்கோ உன் காரை" என்று சொல்வதையும் மாஸ்டர் அப்படியே நடித்துக் காட்டியிருந்தார்.

கடைக்காரர் குற்றமற்றவர் என்று ஆனதும் மாஸ்டர் வேறு வழியில்லாமல் செயலி ஒன்றை இறக்கினார். விட்டுப்போனவர்களைக் காட்டித்தரும் செயலி. அது ஏதேதோ அனுமதி கேட்டது. மாணவர்களிடம் சாலையோரப் பலகையைப் படிக்காமல் போகாதே என்று நாள் முழுக்கச் சொல்கிறவர், ஒன்றையும் படிக்காமல் ஏழு முறை 'சரி' என்று அழுத்தினார். ஒரு வட்டம் சுற்றியது. பிறகு ஒரே ஒரு படம் வந்து நின்றது. ஜன்னலோரத்தில் ஒரு பூந்தொட்டி.

அது அக்காவுடைய படம்.

மாஸ்டர் வெகுநேரம் அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்த அக்கா. ஏழு வயது மூத்தவள். மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலை பார்ப்பவள். பக்கம் தொடங்கிய அன்றே சேர்ந்தவள். முகம் தெரியாத ஆயிரத்து இருநூறு பேர் இருக்கிறார்கள், இவளுக்கு என்ன கேடு?

அவர் இப்படிப் பொருமிக்கொண்டிருந்த நேரத்தில் செயலியும் சும்மா இருக்கவில்லை. அது கேட்ட ஏழு அனுமதிகளில் ஒன்று, அவர் பெயரில் எல்லாருக்கும் செய்தி அனுப்புவது. ஆயிரத்து இருநூற்று மூன்று பேருக்கும் செய்தி போயிற்று: 'என்னை விட்டுப் போனவர்களை நான் கண்டுபிடித்துவிட்டேன். நீங்களும் கண்டுபிடியுங்கள்.' சாயங்காலத்துக்குள் பதினொரு பேர் விலகினார்கள். அவர்களுடைய படங்களையும் செயலி வரிசையாகக் காட்டியது.

மறுநாள் மத்தியானம் மாஸ்டர் அக்காவை அழைத்தார்.

"அக்கா, நல்லா இருக்கியா?"

"இருக்கேன். சொல்லு, கையில ஊசி இருக்கு."

"சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மா கூப்பிடுற ஆளா நீ?" அதே மூச்சில், "அத்தான் போன்ல நேத்து ஒண்ணு வந்துது. யாரையோ கண்டுபிடிச்சிட்டியாமே," என்றாள்.

அத்தானுக்குக் கண் நரம்பு பழுதாகி ஆறு மாதம் ஆகிறது. எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் அவருடைய போன் வருவதையெல்லாம் உரக்க வாசித்துக் காட்டும். சாப்பாட்டு மேசையில், ஒரு பெண்ணின் கணீரென்ற குரலில் அந்தச் செய்தி ஒலித்திருக்கும் என்பது அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது.

"அது ஒரு செயலிக்கா. அதுவா அனுப்பிடுச்சு."

"கண்டுபிடிச்சிட்டல்ல? அப்புறம் என்ன. வெச்சிடுறேன், ஆள் காத்திருக்காங்க."

அவளாகக் காரணம் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் மாஸ்டர் அவளுடைய பக்கத்துக்குள் போய் அலசினார். அக்கா நாற்பத்து மூன்று பேரை ஃபாலோ செய்துகொண்டிருந்தாள். செடி வளர்ப்பவர்கள், பூனை வைத்திருப்பவர்கள், மருத்துவமனை ஆட்கள். கடைசியாகச் சேர்ந்திருந்ததைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் டிரைவிங் ஸ்கூல். அதை நடத்தும் அம்மாவை எல்லாரும் டீச்சர் என்பார்கள். அந்தப் பக்கத்தில் வீடியோ ஒன்றுகூடக் கிடையாது. லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆட்களின் படம் ஒன்பது, அவ்வளவுதான்.

ஊரில் எத்தனையோ பக்கம் இருக்க, போட்டிக்காரர் பக்கத்தையா பார்ப்பது என்று மாஸ்டர் இரண்டு நாள் உள்ளுக்குள்ளேயே புழுங்கினார். அதற்கு மேல் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. கார் சம்பந்தப்பட்ட எல்லாம் தோன்றும் மனிதருக்கு, இது தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை தன்னுடைய மாணவரான ரொட்டிக்கடைக்காரரை ஓட்டுநர் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ரொட்டிக்கடைக்காரர் மாஸ்டரின் வீடியோ ஒன்றையும் தவறவிட்டதில்லை. தேர்வு அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்ததும் பதற்றத்தில் அவர் வைப்பர் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு ஹேண்ட் பிரேக்கை எடுக்காமலே வண்டியைக் கிளப்பினார். பத்து மீட்டர்கூடப் போகவில்லை. அதிகாரி இறங்கிவிட்டார்.

அவருக்குச் சமாதானம் சொல்லி டீ குடிக்க அனுப்பிவிட்டுத் திரும்பியபோது, வேலியோரப் பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, அக்கா.

"நீ எங்க இங்க?" என்றார் மாஸ்டர்.

"டெஸ்ட்டுக்கு வந்தேன்," என்றாள் அக்கா, பஸ்ஸுக்கு வந்தேன் என்பதுபோல.

டீச்சர் எழுந்தார். "பேசிட்டு இருங்க மாஸ்டர். வரிசையில எங்க முறை எப்பன்னு பார்த்துட்டு வரேன்."

டீச்சர் காதுக்கு எட்டாத தூரம் போனதும் மாஸ்டர் ஆரம்பித்தார். "தம்பி ஒருத்தன் இதே தொழில்ல இருக்கான். பாலம் தாண்டிப் போய்க் கத்துக்கிறியா? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"அத்தானால ஓட்ட முடியாது. மாசம் ரெண்டு தடவை கண் டாக்டர்கிட்ட போகணும். உன்னை ரெண்டு தடவை கூப்பிட்டேன். ரெண்டு தடவையும் கிளாஸ் இருக்குன்ன."

"கிளாஸ் இருந்துச்சுக்கா."

"இல்லன்னு நான் சொல்லலையே. அதான் நானே ஓட்டிக்கலாம்னு வந்தேன்."

"சரி, கத்துக்கோ. அதுக்கு எதுக்கு என்னை விட்டுப் போகணும்?"

அக்கா கைப்பையின் ஜிப்பைத் திறந்து மறுபடி மூடினாள்.

"அந்த முதல் மாணவி கதைய எத்தனை பேர் பார்த்தாங்க?"

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. முப்பத்தெட்டாயிரம் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"நான் பேர் சொல்லலையே."

"பேர் சொல்லல. நான் கைய உதறுற மாதிரி உதறின. நான் பேசுற மாதிரி பேசின. எங்க லேப்ல இருக்கிற பொண்ணுங்க, 'அக்கா, இதப் பாருங்க, வயிறு வலிக்குது'ன்னு திங்கக்கிழமை எனக்கே அனுப்பினாங்க. நான்னு அவங்களுக்குத் தெரியாது. நானும் பார்த்துட்டுச் சிரிச்சு வெச்சேன்." அவள் குரல் ஏறவே இல்லை. "ஒண்ணு மட்டும் நீ சொல்லாம விட்டுட்ட. வண்டி ஏன் நாலு தடவை நின்னுச்சு? ஒவ்வொரு தடவையும் நீ காதுக்குள்ள கத்தின. உனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. தொழில் புதுசு. உன் முதல் ஆளா நான்தான் வந்து உட்கார்ந்தேன், வேற யாரும் வரலன்னு."

மாஸ்டர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் கதையை இத்தனை வருடமும் சொல்லிச் சொல்லி, அதில் தான் கத்திய இடம் எப்போது உதிர்ந்துபோனது என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் அது இருந்தது. அது இருந்தால் கதையில் சிரிப்பு வரவில்லை.

டீச்சர் கை காட்டினார். அக்கா எழுந்து போனாள். போகும்போது தம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்றுதான் பார்த்துக்கொண்டே போனாள்.

கார் கிளம்பியது. அணையவில்லை. முதல் வளைவில் கொஞ்சம் அகலமாகப் போய்ச் சரியான தடத்துக்கு வந்தது. மாஸ்டர் தன்னை அறியாமல் வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்திக்கொண்டிருந்தார். அப்போது பக்கத்தில் நின்ற ஓர் ஆள் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"நீங்க அந்த வீடியோ மாஸ்டர்தானே? என்னமா பண்ணியிருக்கீங்க. கதவத் திறந்து இறங்கிப் போகும் பாருங்க அந்தம்மா. எங்க வீட்டுல இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்போம். அவங்க அப்புறம் ஓட்டக் கத்துக்கிட்டாங்களா?"

மைதானத்தின் மூலையில் அக்கா ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கம்புகளுக்கு நடுவே, ஊசி போடுகிற அதே நிதானத்தோடு, வண்டியை நுழைத்து நிறுத்தினாள்.

"கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் மாஸ்டர்.

அக்கா தேறிவிட்டாள். அதிகாரி கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிக்கொண்டு வந்தபோது அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. டீச்சர் தன் போனை எடுத்து மாஸ்டரிடம் நீட்டினார்.

"எங்க பக்கத்துக்கு ஒரு படம் வேணும். நான் எடுத்தா ஆடிடுது. உங்களுக்குப் பழக்கம்தானே மாஸ்டர், எடுத்துக் குடுங்க."

இப்படியாக, பாலத்துக்கு அந்தப் பக்கத்து ஸ்கூலின் பத்தாவது படத்தை எடுத்தவர் நம் மாஸ்டர். நன்றாகவே எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் மாணவி வீடியோவை அழித்தார். முப்பத்தெட்டாயிரத்தையும் அழிக்க ஒரே தட்டுதான் தேவைப்பட்டது. செயலியை அழிக்கத்தான் படாதபாடு பட வேண்டியிருந்தது. போகாதே, போகாதே என்று மூன்று முறை கெஞ்சியது.

"அதை ஏன் எடுத்துட்டீங்க? நல்லாத்தானே ஓடிட்டிருந்துது," என்றாள் மனைவி.

"பழசாயிடுச்சு."

"அது அக்கான்னு எனக்கு அப்பவே தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். நீங்க எத்தனை பேர் பார்த்தாங்கன்னு எண்ணிட்டு இருந்தீங்க."

வீடியோவைக் காணோமே என்று சிலர் கேட்டார்கள். மாஸ்டர் பதில் போடவில்லை. மேட்டில் வண்டி எடுப்பதைப் பற்றிப் புதிதாக ஒன்று போட்டார். அதில் யாரையும் நடித்துக் காட்டவில்லை. இருபத்தாறு பேர் பார்த்தார்கள். மாதம் முடிவதற்குள் ஃபாலோயர்கள் தொள்ளாயிரத்துச் சொச்சமாக இறங்கினார்கள். இத்தனை பேர் எதற்காக இத்தனை நாள் தன்னோடு இருந்தார்கள் என்பது அவருக்கு விளங்கியது. அது அவ்வளவு இனிப்பான சமாசாரமாக இல்லை.

அக்கா மறுபடி ஃபாலோ செய்யவில்லை. இவரும் கேட்கவில்லை. ஆனால் அவளே ஒருநாள் போன் செய்தாள்.

"நாளைக்கு அத்தானைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அங்க வண்டி நிறுத்துற இடம் ரொம்பக் குறுகல். நீ வந்து பின்னாடி நின்னு பார்த்துச் சொல்லு. கத்தாம சொல்லணும்."

மாஸ்டர் இரண்டு வகுப்புகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போனார். முன்னிருக்கையில் அத்தான் உட்கார்ந்திருந்தார். பின்னிருக்கையில், காலுக்கடியில் பிரேக் இல்லாமல், மாஸ்டர். வழியில் ஒரு இடத்தில் அவள் கியரைச் சீக்கிரம் மாற்றினாள், இன்னொரு இடத்தில் இண்டிகேட்டர் போட மறந்தாள். மாஸ்டர் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகக் கடைகளைப் பார்த்தபடி வந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூணுக்கும் ஆம்புலன்ஸுக்கும் நடுவே ஒரே ஓர் இடம் இருந்தது. மாஸ்டர் இறங்கிப் பின்னால் போய் நின்றார். அக்கா கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி மெதுவாக ரிவர்ஸ் எடுத்தாள்.

"வா... இன்னும் வா... இடது பக்கம் ஒடி," என்றார் மாஸ்டர், கோயில் கருவறை முன்னால் நிற்பவர்போலத் தணிந்த குரலில்.

வண்டி நின்றது. அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஒண்ணும் கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லேன்டா."