கல்லேசியோவின் மீசையும் காரின் கூரையும்

இத்தாலியின் தூரின் நகரில் என்னைப் போலத் தகட்டைத் தட்டி இழுத்துக் காருக்குக் கூரை போட ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் கிடையாது. ஆனால் ஓட்டல் முதலாளி கல்லேசியோவுக்காக எங்கள் பட்டறை கட்டிய மூடிய கார், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் 'கும்ம்ம்' என்று குமுறியது. உள்ளே இருப்பவர்களுக்குக் காது அடைத்துப்போகும்.

கல்லேசியோ கறாராகச் சொல்லிவிட்டார். "சனிக்கிழமை மறுபடி நானே ஓட்டிப் பாப்பேன். சத்தம் போச்சுன்னா இன்னும் ஆறு கார் கட்டற வேலை உங்களுக்கு. போகலைன்னா வேற பட்டறை பாத்துக்கிறேன்."

அந்த ஆறு கார் இல்லையென்றால் எங்கள் பட்டறைக்குப் பூட்டுதான்.

"கூரையை மேளத்தோல் மாதிரி இழுத்து வச்சிருக்கியே செக்கோந்தோ, பின்ன கொட்டாம என்ன செய்யும்?" என்றாள் இருக்கை தைக்கும் எர்சீலியா. அவளுடைய அண்ணனின் தொப்பிப் பட்டறையில் மிஞ்சிய கம்பளித் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தாள். தார் தடவி அவற்றைக் கூரையின் உள்பக்கம் ஒட்ட வேண்டுமாம்.

"என் தகட்டுக்கு என்ன சளியா பிடிச்சிருக்கு, கம்பளி போத்த?"

"அதுக்கு வாய் ஜாஸ்தி. உன்ன மாதிரியே."

பட்டறையே சிரித்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் ஆறு காரை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு நானே தார் தடவினேன்.

சனிக்கிழமை கல்லேசியோ ஓட்ட, நானும் எர்சீலியாவும் பின்னால் உட்கார்ந்தோம். சோதனை ஓட்டத்தில் வாடிக்கையாளரைக் கிண்டலடிப்பது எங்கள் வழக்கம். அந்தக் குமுறலில் முன்னால் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. 'போ' நதிக்கரைச் சாலையில் வண்டி நாற்பதைத் தாண்டியதும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"மீசையப் பாத்தியா? செருப்பு மை பூசியிருக்காரு. வேர்த்தா சட்டையெல்லாம் கறுப்பாயிரும்."

எர்சீலியா என் விலாவில் இடித்தாள். அப்போதுதான் உறைத்தது. குமுறலே இல்லை.

வண்டி நின்றது. ஆறு கார் வேலையையும் நானே கெடுத்துவிட்டேன்.

கல்லேசியோ திரும்பினார். "போன தடவையும் இதத்தான் பேசினீங்களா?"

"இல்லீங்க ஐயா," என்றாள் எர்சீலியா. "போன தடவை உங்க தொப்பையப் பத்தி."

அவர் மீசையைத் தடவிப் பார்த்தார். விரல் கறுத்திருந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு. ஆறு காருக்கும் இதே கம்பளியப் போடுங்க. ஓட்டிப் பாக்கறப்ப மட்டும் இந்த ஆளக் கூட்டிட்டு வராதீங்க."