கெளுத்திக்குத் தீனி

ராத்திரி பத்து மணிக்கு ஹால் விளக்கை அணைத்த பிறகுதான் அங்கே மீன் தொட்டியில் இருக்கும் கெளுத்திக்குத் தீனி போட வேண்டும் என்று ஹாஸ்டல் ஓனர் வெங்கடப்பன் பிரவீனாவிடம் சொல்லியிருந்தார். வெளிச்சத்தில் போட்டால் மேலே நீந்துகிற சின்ன மீன்களே தின்றுவிடும்; அடியில் மீசையோடு கிடக்கிற கெளுத்திக்கு ஒன்றும் மிஞ்சாது. கம்பெனியின் செகண்ட் ஷிப்ட் பஸ் ஹாஸ்டல் இருக்கும் மூக்கண்டப்பள்ளி வந்து சேரவே நள்ளிரவு பன்னிரண்டாகிவிடும். அதற்கப்புறம் அவளுக்குப் படுக்கையைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் மதியம் கிளம்பும்போதே தீனியைக் கொட்டிவிட்டுப் போனாள். பத்து நாளில் ஐந்து ஏஞ்சல் மீன்கள் காணாமல் போயின.

மாட்டிக்கொண்டது பக்கத்துக் கட்டில் தங்கமணி. இதெல்லாம் குழம்புக்குத்தான் ஆகும் என்று அவள் எப்போதோ கேலி பேசியதை யாரோ ஓனரிடம் போட்டுக்கொடுத்திருந்தார்கள். விடிந்ததும் பெட்டியோடு கிளம்பச் சொல்லிவிட்டார். திருட்டுப் பேரோடு போகிறவளைக் கம்பெனியிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று ராத்திரி பிரவீனாவுக்குத் தூக்கம் வரவில்லை. தங்கமணியைத் தொட்டு எழுப்பினாள்.

“நான்தான்க்கா. அதப் பட்டினி போட்டுட்டேன். அதுதான் எல்லாத்தையும் முழுங்கிடுச்சு.” அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னத் தொரத்திட்டா எங்கப்பா மறுவாரமே மாமனுக்குக் கட்டி வெச்சிடுவாருக்கா.”

தங்கமணி திட்டவில்லை. எழுந்து போனைத் தேடி எடுத்தாள்.

“இன்னும் ஒரு ஏஞ்சலு கெடக்குல்லா? எந்திச்சு வாட்டி. அது முழுங்குதத வீடியோ எடுத்துருவோம். ஒம் பேரு என் வாயில வராது.”

இருவரும் ஹாலுக்கு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தார்கள். ஜீரோ வாட்ஸ் பல்பின் மங்கலில் கெளுத்தி மணலை விட்டு எழும்பிச் சுற்றியது. மிச்சமிருந்த ஏஞ்சல் கண்ணாடி மூலையில் ஒடுங்கி நின்றது. வீடியோவைப் பார்த்ததும் வெங்கடப்பன் என்ன கேட்பார் என்று பிரவீனா யோசித்தாள். தீனியை எத்தனை மணிக்குப் போட்டாய் என்றுதான் கேட்பார். வேறென்ன கேட்பார்?

மூன்று மணி சுமாருக்கு, பாத்ரூம் போய் வருவதாகச் சொல்லி, தங்கமணி போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிரவீனா போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். தீனி டப்பாவைத் திறந்து ஒரு கை நிறைய அள்ளித் தண்ணீரில் விட்டாள். உருண்டைகள் சத்தமில்லாமல் இறங்கின. கெளுத்தி மூலையை விட்டுத் திரும்பியது. கடைசி உருண்டை வரை தின்றது. அவள் ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“ஏஞ்சலத் தின்னுட்டா?” தங்கமணி திரும்பி வந்து கேட்டாள்.

“இல்லக்கா.”

தங்கமணி போனை வாங்கி, கண்ணாடிக்கு இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். வயிறு புடைத்த கெளுத்தி மணலில் அசையாமல் கிடந்தது. அதன் மீசைக்கு ஒரு சாண் மேலே ஏஞ்சல் மீன் மெதுவாகத் துடுப்பை விரித்தது.