ருக்கு வரைந்த வழி

ருக்குவுக்கு சுப்ரியாவைப் பிடிக்காது என்று மட்டும் சொன்னால் போதாது. சுப்ரியா நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தால் ருக்குவுக்குத் தலை வலிக்கும். அவள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தால் வயிறு எரியும். இரண்டு பேரும் பெங்களூரில் ஒரே கல்லூரியின் புவியியல் துறையில் ஆசிரியைகள். ருக்கு பழைய ஆள். சுப்ரியா போன வருஷம், தொண்ணூற்றைந்தில், வந்து சேர்ந்தவள்.

காலையில் ருக்கு நேராக மாடிப்படி ஏறுவதில்லை. பின்பக்கம் சுற்றி, சுப்ரியாவின் ஜன்னலைக் கடந்து, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவாள். நடப்பது உடம்புக்கு நல்லது என்று சமாதானம் வேறு.

அந்த வருஷம் டெல்லியிலிருந்து ஆராய்ச்சிக்குப் பணம் வருவதாக இருந்தது. துறையிலிருந்து ஒரே ஒரு திட்டம்தான் அனுப்பலாம். ருக்குவின் திட்டம், ஜனத்தொகைக் கணக்கை வார்டு வார்டாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஊர் எந்தப் பக்கம் வீங்குகிறது என்று கண்டுபிடிப்பது. கண் எரிய எரிய அவள் சேர்த்த எண்கள். சுப்ரியாவோ ஸ்ரீராம்புரத்துக்குப் போய், வேலைக்குப் போகும் பெண்களிடம் பென்சிலைக் கொடுத்து, தினமும் போகிற வழியை வரையச் சொன்னாள். பக்கத்திலேயே இருக்கும் பூங்காவை ஒருத்தியும் வரையவில்லை. ஏன் என்று கேட்டபோதுதான், அந்தப் பக்கம் போகவே அவர்களுக்குப் பயம் என்று தெரிந்ததாம்.

துறைத் தலைவர் வைத்தீஸ்வரன் இதைக் கேட்டுவிட்டு, "பலே" என்றார். அவரிடமே படித்து, அவரிடமே வேலைக்கு வந்த ருக்குவுக்கு இன்றுவரை அவர் ஒரு "பலே" சொன்னதில்லை.

தன் முறையைச் சோதித்துப் பார்க்க, துறையில் எல்லாருக்கும் சுப்ரியா ஒரு வெள்ளைத்தாள் கொடுத்தாள்.

"பேர் போட வேண்டாம் மேடம். கேட்டுலேர்ந்து உங்க சீட்டுக்கு எப்படி வரீங்களோ, அப்படியே போடுங்க. சாகு, அவ்வளவு போதும்."

அளவும் கிடையாது, திசையும் கிடையாது, இதற்குப் பேர் ஆராய்ச்சியா என்று ருக்கு மனசுக்குள் திட்டினாள். திட்டிக்கொண்டே கையை அது பாட்டுக்கு விட்டு எதையோ கிறுக்கிக் கொடுத்தாள்.

முடிவு செய்கிற அன்றைக்கு வைத்தீஸ்வரன் இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கூட்டங்களில் இங்கிலீஷ் பேசினாலும், கதவைச் சாத்திவிட்டால் மூவரும் தமிழுக்கு வந்துவிடுவார்கள்.

சுப்ரியா தாள்களைப் பரப்பி ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். அதில் தலைவரின் அறை தீப்பெட்டி அளவு. பின்பக்கத்து அறை ஒன்று மட்டும் கல்யாண மண்டபம் போல, ஜன்னல், உள்ளே நாற்காலிகள் சகிதம். அது ருக்குவின் தாள். தான் என்ன வரைந்தோம் என்று இப்போதுதான் அவளே பார்த்தாள்.

"இவங்க சீட்டு மாடியில சார். படி கேட்டுக்கு எதிர்லயே இருக்கு. அப்புறம் ஏன் என் ரூமைச் சுத்திண்டு போறாங்கன்னு தெரியல," என்றாள் சுப்ரியா. "படம் பதில் சொல்லாது, கேள்வியைத்தான் காட்டும். போய்க் கேக்கறதுதான் ஆராய்ச்சி."

"சரிபார்க்காதது டேட்டாவே இல்ல," என்றாள் ருக்கு. "யாராவது விளையாட்டுக்குப் போட்டிருப்பா."

வைத்தீஸ்வரன் சூதுவாது தெரியாதவர். "சரிபார்க்க என்ன இருக்கு? கேட்டுக்குள்ள வந்ததும் நீ அந்தப் பக்கமாத்தானே திரும்பறே ருக்கு. என் ஜன்னல்லேர்ந்து தினமும் பாக்கறேனே."

சுப்ரியா ருக்குவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. உடனே அந்தத் தாளை மற்ற தாள்களுக்கு அடியில் செருகினாள்.

"பின்னாடி மர நிழல் சார். நடக்க நன்னாயிருக்கும். வேற ஒண்ணும் இருக்காது."

"அப்போ இந்தப் படத்துல விஷயம் ஒண்ணும் இல்லியா?"

"இல்ல சார்."

"சரி, ருக்குவோட திட்டமே போகட்டும்," என்று அவர் பேனாவை எடுத்தார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் ருக்குவுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, அதே வயிற்றெரிச்சல், முன்னைவிட இரண்டு மடங்கு. தலைவர் மெச்சுவதும் இவளைத்தான். போதாக்குறைக்குப் பெருந்தன்மையும் இவளுக்கா? இவள் போட்ட பிச்சையில் காலம் பூரா ஆராய்ச்சி செய்வதா?

"பின்னாடி மரமே கிடையாது சார்," என்றாள் ருக்கு. "இவ ரூம்ல யார் இருக்கான்னு பாக்காம என்னால மாடி ஏற முடியல. இவ திட்டத்தையே அனுப்புங்கோ."