வெல்டர் போட்ட இரட்டைப் பின்னல்

வெல்டருக்குப் புத்தாண்டு பிறந்தால் போதும், தீர்மானமெல்லாம் மலையளவுக்குத்தான் வரும். ஒரு வருஷம் தினமும் ஓடப் போகிறேன் என்று ஷூ வாங்கினார். அது இன்னும் கட்டிலுக்கடியில் புத்தம்புதுசாகக் கிடக்கிறது. ஆனால் கல்யாணமான பிறகு வந்த முதல் புத்தாண்டில் எடுத்தாரே ஒரு தீர்மானம், அது மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது.

"இந்த வருஷம் முடியறதுக்குள்ள பாப்பா என்னை அப்பான்னு கூப்பிடணும்," என்றார் மனைவியிடம்.

பாப்பா, மனைவியின் முதல் கல்யாணத்தில் பிறந்தவள். பெற்ற தகப்பன் தவறிப்போய்விட்டார். நாலாம் வகுப்பு படிக்கிறாள். வெல்டரை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அவரைத் தாண்டிப் போய் அம்மாவிடம்தான் கேட்பாள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை; அந்த மரியாதைதான் மனுஷனைக் கொன்றது.

மனைவி பேக்கரியில் மாவு பிசைகிறவள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"அவ வாய்க்கு நீங்க எப்படிங்க தீர்மானம் போடுவீங்க? உங்க கையில இருக்கறதா ஏதாவது சொல்லுங்க. சின்னதா."

"சின்னதான்னா?"

"அடுத்த வாரத்துல இருந்து எனக்குக் காலை ஷிப்ட். விடியறதுக்குள்ள கிளம்பணும். நீங்க அவளுக்குத் தலை பின்னி விடுங்க. தினமும். அது போதும்."

இவ்வளவுதானா என்று வெல்டருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இரும்பையே ஒட்டவைக்கிறவனுக்கு முடியெல்லாம் ஒரு விஷயமா? முதல் நாள் சீப்பைப் பிடித்தபோதுதான் தெரிந்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சொரசொரத்த விரல்களில் முடி சிக்கியது. பாப்பா தோளைச் சுருக்கினாள், வாயைத் திறக்கவில்லை. ஐயோ, வலிக்கிறதோ என்று பதறிப்போய், அன்றிலிருந்து தொளதொளவென்று பின்ன ஆரம்பித்தார். ஒரு ரிப்பன் காதுக்கு மேலே இருக்கும், இன்னொன்று தோளில் கிடக்கும்.

"சரியா இருக்கா பாப்பா?" என்பார்.

"ம்" என்பாள்.

அந்த ஒரு 'ம்' போதும் அவருக்கு. உச்சி குளிர்ந்துபோய், பட்டறையில் நாள் முழுக்கச் சீட்டியடித்துக்கொண்டே வேலை பார்ப்பார்.

அதற்கு வேட்டு வைத்தவர் பள்ளி வேன்காரர். கதவுக் கீல் உடைந்துவிட்டதென்று பட்டறைக்கு வந்த மனுஷன், பற்றவைத்து முடிக்கிறவரைக்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா?

"உங்க பொண்ணு படு கெட்டிக்காரிங்க! வேன் தெருமுனை திரும்பினதும் ரெண்டு பின்னலையும் அவுத்து, கண்ணாடிகூட இல்லாம தானே அழகா பின்னிக்கறா. தினமும் நடக்குது."

வெல்டருக்கு முகம் செத்துப்போனது. என் கை பட்டதைக்கூட வைத்துக்கொள்ளப் பிடிக்கவில்லையா அவளுக்கு? அன்று சாயங்காலம் மனைவி இரண்டு தடவை கேட்டும், தலைவலி என்று சொல்லிச் சமாளித்துவிட்டார்.

மறுநாள் காலையில் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "பாப்பா, உனக்கே நல்லா பின்னத் தெரியுமாமே. இனிமே நீயே பின்னிக்கோடா. நான் சும்மா உன்னைப் போட்டுப் படுத்தறேன்."

பாப்பா திடுக்கிட்டுத் திரும்பினாள். "வேன் மாமா சொன்னாரா?"

இந்த முறை 'ம்' சொன்னவர் வெல்டர்.

அவள் ரிப்பனை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "உங்க முன்னாடி அவுத்தா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்ல. அதான் தெருமுனை தாண்டினப்புறம் அவுப்பேன்."

"அட, பின்னத் தெரியும்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீங்க பின்னி விட மாட்டீங்களே."

வெல்டருக்குக் கண் கலங்கித் தொலைத்தது. பட்டறையாக இருந்தாலாவது நெருப்புப்பொறி மேல் பழியைப் போடலாம், வீட்டில் எதன்மேல் போடுவது? மூக்கை உறிஞ்சினார்.

பாப்பா அவருக்கு முதுகைக் காட்டி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தாள்.

"பயப்படாம நல்லா இழுத்துப் பின்னுங்க," என்றாள். "வலிச்சா சொல்றேன்."