கைப்பிடி இல்லாத படிகள்

எங்கள் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் கட்டடக் கலைஞர்கள் வருவார்கள். வந்ததும் முன்வாசல் படிகளைத்தான் மெச்சுவார்கள். ஐம்பதுகளில் கட்டியது. சுவரிலிருந்து நீட்டிய கான்கிரீட் பலகைகள். அடியில் தாங்கல் கிடையாது, பக்கத்தில் கைப்பிடி கிடையாது. அழகுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏறி இறங்குகிறவர்கள் நாங்கள். வேறு வாசலும் இல்லை.

பரமக்குடியிலிருந்து காவ்யஸ்ரீ சேர்ந்தாள். இளம்பிள்ளை வாதம் வந்த காலைத் தாங்கிப் பிடிக்க இரும்புக் காலிபர், சேலை மறைத்துவிடும். பிடிமானம் இருந்தால் தானே இறங்குவாள்.

"தினம் ஒருத்தர் கையப் பிடிச்சு எறங்க என்னால ஆகாது மேடம். கைப்பிடி வைக்கலேன்னா நான் ஊருக்கே போறேன்" என்றாள்.

வார்டன் என்ற முறையில் எழுதிக் கேட்டேன். பாதுகாக்கப்பட்ட கட்டடம், ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்று பல்கலைக்கழகக் கட்டடக் கமிட்டி பதில் போட்டது. ஆணிதானே கூடாது? பந்தல்காரர் சோணையைக் கூப்பிட்டேன். சவுக்குக் கம்பின் மேல்முனையை வாசல் தூணில் கயிற்றால் கட்டி, கீழ்முனையை மண் நிரப்பிய டின்னில் நட்டுக் கொடுத்தார். காவ்யஸ்ரீ அதைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குப் போய்வந்தாள்.

பிறகு கட்டடத்தைப் பற்றிப் புத்தகம் போட, சென்னையிலிருந்து பாலமுரளி என்ற புகைப்படக் கலைஞர் கேமராவோடு வந்தார். வந்ததும் கம்பை அவிழ்க்கச் சொன்னார்.

"படி மிதக்கறது தெரியணும் மேடம்."

"எடுத்து முடிச்சதும் திரும்பக் கட்டிறணும் தம்பி."

அந்த நேரம் பார்த்துக் காவ்யஸ்ரீ வெளியே வந்தாள். கம்பு இல்லாததைக் கண்டு மேல்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அப்படியே நில்லும்மா! ஒரு ஆள் நின்னாத்தான் படியோட அளவு தெரியும்" என்றார் அவர்.

படம் எடுத்தபின் என் கையைப் பிடித்துத்தான் இறங்கினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கம்பை மறுபடி கட்ட வைத்தேன். அதை அகற்றச் சொல்லிக் கமிட்டியிலிருந்து உத்தரவு வந்தது. பார்க்காத மாதிரி இருந்தேன்.

மூன்று மாதத்தில் புத்தகம் வந்தது. முதல் பக்கத்திலேயே எங்கள் படிகள், மேலே காவ்யஸ்ரீ. கீழே அச்சிட்டிருந்தார்கள்: 'மனித உடலுக்கு இசைந்த முகப்பு.'

அவளிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கேன் மேடம். எறங்க முடியாம நிக்கிறேன்னு தெரியவே இல்ல."

சோணைக்கு ஆள் அனுப்பினேன். வரும்போது இரும்புக் குழாயும் சுவரைத் துளைக்கிற மெஷினும் கொண்டுவரச் சொன்னேன்.