சுன்னிவா எழுதாமல் விட்ட பாகம்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இது படகில் கிடைத்தது. பெர்கன் துறைமுகத்திலிருந்து வடக்கே போய்க்கொண்டிருந்தோம். வெளியே பனி, உள்ளே அரைத்தூக்கம். திடீரென்று இயந்திரம் நின்றது. அதுவரை அடியில் ஒரு முழக்கம் ஓடிக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் திறக்காமல் சொன்னாள்: "பேஸ் கிதார் வாசிக்கிற எங்க பொழப்பும் இதேதான். நிறுத்தினாத்தான் இருந்தோம்னே தெரியும்."

இயந்திரம் மறுபடி ஓடி மறுகரை வருவதற்குள் மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். அவளுக்குச் சுன்னிவா என்று பெயர் வைத்தவன் நான்.

2

முதல் தொடக்கம்: ஜாஸ் மேடைகளில், டிரம்ஸுக்கும் சுவருக்கும் நடுவில், சுன்னிவா தன் வாழ்நாளின் பெரும்பகுதியை

(வேண்டாம். விருது விழாவில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்தது.

(தினமும் மழை பெய்கிற பெர்கனில் இதெல்லாம் ஒரு செய்தியா?)

நேராகவே சொல்கிறேன். சாக்ஸபோன் வாசிக்கும் ஸ்டைனரின் மெட்டு ஒன்றை ஊரே முணுமுணுக்கிறது. அதன் அடித்தளம் சுன்னிவாவின் விரல்களில் பிறந்தது. ஒத்திகை இடைவேளையில் அவள் பாட்டுக்கு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தாள். அவர் அதன்மேல் ஊதத் தொடங்கினார். இசைத்தட்டில் 'இசை: ஸ்டைனர்' என்று வந்தது. "பரவாயில்ல, எனக்கெதுக்குப் பேரு" என்று அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து எத்தனையோ வருடம் தன்மேலேயே கோபப்பட்டாள்.

3

கடைசியில் ஒரு ஜாஸ் விழாவுக்காரர்கள் அவளையே ஒரு முழுப் படைப்பு எழுதச் சொன்னார்கள். குளிர்காலம் முழுக்க எழுதினாள். தூக்கத்தில்கூடச் சுரங்கள் மிதந்து வந்தன. எழுந்து குறித்துவிட்டு மறுபடி படுத்தாள். டிரம்பெட்டுக்கு, பியானோவுக்கு, டிரம்ஸுக்கு, பாடகிக்கு எல்லாம் தனித்தனியாக எழுதினாள். தன் பாகத்தை மட்டும் எழுதவில்லை. தனக்குத் தானே யாராவது கடிதம் எழுதுவார்களா?

ஒத்திகை நெருங்கும்போது இடது கை விரல்கள் மரத்துப்போயின. இப்போதைக்கு வாசிக்கவே கூடாது என்றார் மருத்துவர். அவளோடு இசைக்கல்லூரியில் படித்த ஈவரைக் கூப்பிட்டார்கள். அவனும் பேஸ்காரன்தான்.

(ஈவரைத் தலைக்கனம் பிடித்தவனாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்திருக்கும். அவன் ஒத்துழைக்கவில்லை.)

பழைய மத்திமீன் தொழிற்சாலையில் ஒத்திகை. ஈவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏய், ஒண்ணுமே இல்லையே! ரொம்பச் சிக்கனமா எழுதியிருக்க."

"நான்தானே வாசிக்கப்போறேன்னு விட்டுட்டேன்டா."

"சரி, பாடிக் காட்டு. உன் குரலையும் சகிச்சுக்கிறேன்."

பாடத் தொடங்கினாள், நின்றுவிட்டாள். அவள் பாகம் மற்றவர்கள் வாசிக்கும்போது கையில் பிறப்பது. தனியாக வரச்சொன்னால் வராது.

"வரல ஈவர். உனக்கு என்ன கேக்குதோ அத வாசி."

வாசித்தான். அவள் ஏறும் என்று நினைத்திருந்த இடத்தில் அது மெல்ல இறங்கியது. பாடகியின் குரல் அதன்மேல் பாரமே இல்லாமல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே ஃபியோர்டின் கடல்நீரும் மலையும் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்திருந்தன. தான் எழுதியதைத் தான் எழுதவில்லை என்பதுபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள் சுன்னிவா. அழுகை வந்தது. நன்றாக இருந்தது, அதுதான் பிரச்சினை.

"எரிச்சலா இருக்குடா. இவ்ளோ நல்லா வாசிச்சுத் தொலைக்கணுமா?"

"பாட்டு உன்னோடது. நான் சும்மா கூட நடந்தேன்."

வாஃபிளும் காப்பியும் வந்தன. விழா அலுவலகத்திலிருந்து ஹெட்டாவின் அழைப்பும் வந்தது; சுன்னிவா ஸ்பீக்கரில் போட்டாள்.

"சுன்னிவா, நிகழ்ச்சிக் கையேடு அச்சுக்குப் போகுது. 'இசை'ன்னு போட்டு உங்க பேர் மட்டும்தானே?"

சுன்னிவா ஈவரைப் பார்த்தாள். அவன் விரலில் ஒட்டிய ஜாமை நக்கிக்கொண்டே சிரித்தான்.

"பரவாயில்ல, எனக்கெதுக்குப் பேரு?"

அந்தச் சிரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

4

ஒரு முடிவு: "என் பேர் மட்டும்தான்" என்கிறாள். யார் குறை சொல்ல முடியும்? மெட்டு அவளுடையது, கட்டமைப்பு அவளுடையது, கெட்ட தூக்கமும் அவளுடையது.

இன்னொரு முடிவு: "ரெண்டு பேர் போடுங்க" என்கிறாள். மறுநாள் பத்திரிகையில் ஈவரின் பெயர் முதலில் வருகிறது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கிடைத்தது பாதியாகிறது. கை சரியாகாவிட்டால் அவளுக்கு மிஞ்சுவது அந்தப் பாதிதான்.

(மூன்றாவதாக, விரல்கள் குணமாகி அவளே வாசிக்கிற முடிவு ஒன்றும் வைத்திருந்தேன். படித்துவிட்டு எனக்கே வெட்கமாகிவிட்டது.)

இரண்டையும் எழுதினேன், இரண்டையும் அடித்தேன். எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் அருகதை இல்லை. இந்தக் கதையை வெளியிடுகிறவர்கள் நேற்றுக் கூப்பிட்டு, "யார் பேரப் போடட்டும்?" என்று கேட்டார்கள். நான் யோசிக்கவேயில்லை. சட்டென்று என் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"ஹலோ? சுன்னிவா, இருக்கீங்களா?" என்கிறாள் ஹெட்டா. அச்சுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். நீங்களே சொல்லிவிடுங்கள்.