ஒரு பை, இரண்டு ஸ்ட்ரா

ஈப்போ மருத்துவமனைக்கு எதிரே, தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரும் ஒட்டுக்கடையில் பாஸ்கல் எப்போதும் ஒரு பை தேதான் கட்டச் சொல்வார், இரண்டு ஸ்ட்ரா. ரப்பர் தோட்டத்தில் கல்யாணமான புதிதில் தொடங்கிய பழக்கம் அது. தோட்டத்தில் ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் அவர்கள் ஈப்போ அடுக்குமாடிக்கு வந்த பிறகும், மனைவி எல்ஸிக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் மாறவில்லை.

மாறியது போன மாதம். எல்ஸியின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கை ஆராய்ந்த ஜூடித் என்ற மாணவி வார்டுக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, இந்த நோய்க்குக் காரணமான வைரஸ் உங்களுக்குள்ள ஒரே மாதிரி இல்ல. பல விதமா இருக்கு."

அது உடலுறவில் தொற்றுவது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பல விதம் என்றால் பல ஆள். மீதியைக் கேட்காமல் பாஸ்கல் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் இரண்டு பை தே.

"கடைக்கார அண்ணே இன்னிக்கு சும்மா குடுத்தாரா?" என்று எல்ஸி சிரிக்கப் பார்த்தாள்.

அவர் ஒன்றை அவள் பக்கம் வைத்துவிட்டுத் தன் பையோடு நகர்ந்தார். அன்றிலிருந்து தினமும் இரண்டு பை. அவர் நாற்காலியும் கட்டிலைவிட்டு ஜன்னலோரம் போய்விட்டது.

இன்று லிப்ட் வாசலில் ஜூடித் எதிரே வந்தாள். பாஸ்கலின் நெஞ்சில் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"ஏம்மா, எத்தனை பேருகிட்டேருந்து வந்துச்சுன்னும் கண்டுபிடிச்சிட்டீங்களா?"

புரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. "ஐயோ அங்கிள்! எல்லாம் ஒரே வைரஸோட வாரிசுதான் லா. ஆன்ட்டி உடம்பு அதை எதிர்த்து அடிச்ச அடியிலதான் அங்கங்க மாறியிருக்கு. பல வருசச் சண்டை அது."

"அந்த ஒன்னு யாருகிட்டேருந்து?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன்னாடியே உங்களுக்கு வந்திருந்து, தெரியாமலே குடுத்திருக்கலாம்."

இளவயதில் லூமுட் படகுத்துறையில் வேலை பார்த்த காலமும், அங்கே பழகிய பெண்களும் பாஸ்கலுக்கு ஞாபகம் வந்தார்கள்.

"எல்ஸிக்கு இது தெரியுமா?"

"அன்னிக்கே, நீங்க எந்திரிச்சுப் போனப்புறம் சொன்னேனே. அவருகிட்ட சொல்லாதம்மா, தாங்க மாட்டாருன்னாங்க."

அவர் கடைக்குப் போனார். ஒரு பை, இரண்டு ஸ்ட்ரா. நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார்.

எல்ஸி கண்ணைத் திறந்தாள். "ஒன்னுதானா?"

"ஒன்னுதான்."

அவள் பையையும் ஒட்டிப் போட்ட நாற்காலியையும் பார்த்தாள்; அவருக்குத் தெரிந்துவிட்டது. பிறகு தன் ஸ்ட்ராவை உதட்டில் வைத்துக்கொண்டாள். அவரும் குனிந்தார். தலையோடு தலை முட்டியது. அவர் உறிஞ்சாமல் ஸ்ட்ராவைக் கடித்தபடி இருந்தார். உறிஞ்ச அவளுக்குத் தெம்பில்லை; அவள் ஸ்ட்ராவில் தே ஏறவே இல்லை.